மாணவரை அறிதலும் பெற்றோரைக் கற்றலில் இணைத்தலும்: ஆசிரியர்களுக்கான வழிகாட்டி

ஒரு மாணவர் வகுப்பில் ஏன் தடுமாறுகிறார் என்ற கேள்விக்குரிய பதிலின் ஒரு பகுதி, பெரும்பாலும் அவருடைய வீட்டில் யாருக்கோ ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. குழந்தை இரவில் எப்போது உறங்குகிறது, எதைக் கண்டு அஞ்சுகிறது, எந்த வேலையை யாரும் சொல்லாமலே விரும்பிச் செய்கிறது, எந்த வகுப்பில் படித்தபோது கணக்கின் மீது வெறுப்பு வந்தது என்பனவற்றைத் தாயோ தந்தையோ பாட்டியோ அறிந்திருப்பார்கள். ஆனால் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான பேச்சு வழக்கமாக எதிர்த்திசையில் நடக்கிறது. பள்ளி சொல்கிறது, வீடு கேட்டுக்கொள்கிறது, அதுவும் மதிப்பெண் குறைந்த பிறகோ புகார் எழுந்த பிறகோதான். இந்த வரிசையை மாற்றி, முதலில் கேட்டறிந்து, அறிந்ததைப் பாடத்தில் பயன்படுத்தி, அதன் பிறகே பெற்றோரிடம் உதவி கோருவது என்று கல்வியாண்டைத் திட்டமிட்டால், பெற்றோர் ஒத்துழைப்பதில்லை என்ற குறை பெருமளவு அகன்றுவிடும் என்பது என் உறுதியான கருத்து. கீழே சொல்லப்படும் வழிமுறைகள் நாற்பது மாணவர்கள் உள்ள வகுப்பையும், ஓய்வு நேரம் மிகக் குறைவாக வாய்க்கும் ஆசிரியரையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை.

முதல் இரண்டு வாரங்கள்

வகுப்பு தொடங்கும் முன் சென்ற ஆண்டின் பதிவுகளைப் படிக்க வேண்டும். ஆனால் அவற்றில் எதைப் படிப்பது என்பதில் கவனம் தேவை. பார்வை, கேட்கும் திறன், ஒவ்வாமை, வலிப்பு, நீண்ட விடுப்புகள், பள்ளி மாறிய விவரம் போன்றவற்றை உடனே அறிந்துகொள்ள வேண்டும்; குழந்தையின் பாதுகாப்பே அவற்றைச் சார்ந்திருக்கக்கூடும். ‘அடங்காதவன்’, ‘மந்தமானவள்’ போன்ற முந்தைய மதிப்பீடுகளை ஒரு மாதம் கழித்துப் படித்தால் போதும். ஆசிரியரின் எதிர்பார்ப்பு மாணவரின் வளர்ச்சியைத் தொடுகிறது என்பதை ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் ஆகியோர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் நடத்தி 1968இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாற்போல் எடுக்கப்பட்ட சில மாணவர்களைக் குறித்து, இவர்கள் விரைவில் சிறந்து விளங்குவார்கள் என்று ஆசிரியர்களிடம் கூறப்பட்டது. ஆண்டிறுதியில் அக்குழந்தைகள், குறிப்பாக முதலிரண்டு வகுப்புகளில் இருந்தவர்கள், மற்றவர்களைவிட அதிக முன்னேற்றம் காட்டினார்கள். இந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது குறித்து அறிஞர்களிடையே நெடுங்காலம் வாதம் நடந்திருக்கிறது. ஆயினும் பிறர் எழுதிவைத்த ஒரு சொல்லோடு குழந்தையைச் சந்திக்காமலிருப்பதற்கு அந்த ஆய்வே போதுமான காரணம்.

பெயர்களை முதல் வாரத்துக்குள் மனப்பாடம் செய்துவிட வேண்டும். இருக்கை வரைபடம் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லியே அழைப்பது எளிய வழி. பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாவிட்டால் குழந்தையிடமே கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். வசதிக்காகப் பெயரைச் சுருக்கி அழைப்பதும், தோற்றத்தை வைத்து அடையாளம் சொல்வதும் கூடவே கூடாது.

முதல் வாரத்திலேயே மாணவர்களிடம் ஒரு பக்கக் கேள்வித்தாளைக் கொடுக்கலாம். பிடித்த நிறம், பிடித்த விளையாட்டு என்று கேட்பதில் ஆசிரியருக்குப் பயன்படும் செய்தி குறைவு. ‘பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு உனக்கு நன்றாகத் தெரிந்தது எது?’, ‘ஒன்று புரியாதபோது நீ வழக்கமாக என்ன செய்வாய்?’, ‘எந்த ஆசிரியர் சொன்ன எது உனக்கு உதவியது?’, ‘வீட்டில் படிக்க உனக்கு எந்த நேரம் கிடைக்கிறது?’, ‘என்னிடம் நீ சொல்ல விரும்புவது ஏதேனும் உண்டா?’ ஆகிய ஐந்தும் போதும். தந்தையின் தொழில், தாயின் படிப்பு என்று கேட்கும் கேள்விகளைத் தவிர்ப்பது நல்லது. தந்தையை இழந்த குழந்தையும் விடுதியில் வளரும் குழந்தையும் அந்த இடத்தில் திகைத்து நிற்கும். எழுதத் தெரியாத சிறு குழந்தைகளை வரையச் சொல்லி, வரைந்ததைப் பற்றிப் பேசச் சொல்லலாம். இந்தத் தாள்களைத் திருத்தக் கூடாது, எழுத்துப்பிழையைச் சுட்டக் கூடாது, வகுப்பில் உரக்கப் படிக்கவும் கூடாது. அதே கேள்விகளுக்கு ஆசிரியரும் தம் பதில்களை எழுதி வகுப்பில் பகிர்ந்துகொண்டால், குழந்தைகள் மனம் திறந்து எழுதுவார்கள்.

அன்றாடக் கவனிப்பு

கேள்வித்தாள் தருவது குழந்தை தன்னைப் பற்றிச் சொல்லத் துணிந்தவற்றை மட்டுமே. மற்றவற்றை அறிய ஒரு குறிப்பேடு வேண்டும். ஒரு மாணவருக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிக்கொள்ளலாம். நாளொன்றுக்கு ஐந்து பேரைக் கூர்ந்து கவனித்து, மாலையில் இரண்டிரண்டு வரிகள் எழுதினால், எட்டுப் பள்ளி நாள்களில் நாற்பது பேரையும் ஒருமுறை சுற்றி வந்துவிடலாம். எழுதும்போது பண்பைக் குறிக்கும் சொற்களை விலக்கி, கண்ட செயலை மட்டும் எழுத வேண்டும். ‘சோம்பேறி’ என்று எழுதினால் மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இராது. ‘கணக்கைத் தொடங்கிய ஐந்தாம் நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் நோட்டைப் பார்க்கிறான்’ என்று எழுதினால், பலகையில் உள்ளது அவனுக்குத் தெரிகிறதா, கேள்வி புரிந்ததா, கைவலியா என்று அடுத்த நாள் சோதித்தறிய வழி பிறக்கும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் குழந்தை, முகத்தைப் பார்த்துப் பேசினால் மட்டும் பதில் சொல்லும் குழந்தை, முதல் பாடவேளையில் நாள்தோறும் தூங்கும் குழந்தை ஆகியோர் கவனமின்மைக்காகத் தண்டிக்கப்படுவது மிகவும் வருத்தத்துக்குரியது. அவர்களில் சிலருக்குத் தேவையானது ஒரு கண் பரிசோதனை மட்டுமே.

இரண்டு சுற்றுகள் முடிந்த பிறகும் எந்தப் பக்கம் ஏறத்தாழ வெறுமையாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். குறும்பு செய்பவரும் முதலிடம் பெறுபவரும் தாமாகவே நினைவில் நிற்பார்கள். இடையில் உள்ள அமைதியான குழந்தைகளின் பக்கங்களே வெறுமையாகக் கிடக்கும். அடுத்த வாரத்தின் கவனம் முழுவதும் அவர்களுக்கு உரியது.

நெருங்க மறுக்கும் ஒரு மாணவருக்கு, அமெரிக்கக் கல்வியாளர் ரேமண்ட் வுலோட்கோவ்ஸ்கியின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் எளிய முறை ஒன்று இருக்கிறது: தொடர்ந்து பத்துப் பள்ளி நாள்கள், நாளுக்கு இரண்டு நிமிடங்கள், பாடத்தையும் ஒழுக்கத்தையும் தவிர்த்து அவருக்கு ஆர்வமான எதைப் பற்றியேனும் பேசுவது. முதல் மூன்று நான்கு நாள்கள் ஒரு சொல் பதிலே வரக்கூடும். அப்போது நிறுத்திவிடாமல் தொடர்வதில்தான் இந்த முறையின் பலன் இருக்கிறது.

மாணவரை அறிதல் என்றால் அவருடைய குடும்பச் சூழலை அறிதல் என்று மட்டும் பலர் எண்ணிவிடுகிறார்கள். அவர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதை அறிவதும் அதே அளவு முக்கியம். அதற்கு மிகச் சிறந்த சான்று அவர் செய்யும் பிழை. 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதும் குழந்தை கவனக்குறைவாக இருக்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்ற தவறான விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. தவறு என்று குறியிட்டு, 14 என்று திருத்தி எழுதினால் அந்த விதி அப்படியே நிலைத்துவிடும். ‘இதை எப்படிச் செய்தாய் என்று எனக்குச் சொல்லிக்காட்டு’ என்று கேட்டால் அது வெளிப்படும். வாரத்துக்கு ஒருமுறையாவது சரியான விடைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். இல்லையெனில் ஆசிரியர் எப்படிச் செய்தாய் என்று கேட்டாலே விடை தவறு என்று வகுப்பு முடிவு செய்துகொள்ளும்.

பெற்றோருடன் முதல் பேச்சு

முதல் பேச்சு எந்தப் புகாரும் எழுவதற்கு முன் நடக்க வேண்டும். நாளுக்கு இரண்டு தொலைபேசி அழைப்புகள் என்று வைத்துக்கொண்டால், இருபது பள்ளி நாள்களில் நாற்பது வீடுகளுடனும் பேசிவிடலாம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம் போதும். பல வகுப்புகளுக்குச் செல்லும் பாட ஆசிரியர்களுக்கு இது இயலாது. வகுப்பாசிரியர் பேசி அறிந்ததில் கற்றலுக்குத் தேவையானதை அவர்களோடு பகிர்ந்துகொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. பள்ளியிலிருந்து அழைப்பு வந்தாலே என்னவோ ஏதோ என்று பல பெற்றோர் அஞ்சுவார்கள் என்பதால், முதல் வாக்கியத்திலேயே அந்த அச்சத்தைப் போக்கிவிட வேண்டும்.

‘வணக்கம் அம்மா. உங்கள் மகளின் வகுப்பாசிரியர் பேசுகிறேன். பிரச்சினை எதுவும் இல்லை, பிள்ளை நன்றாக இருக்கிறாள். இந்த ஆண்டு அவளுக்கு நான் பாடம் எடுக்கிறேன். அவளைப் பற்றி என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். இப்போது பேச நேரம் இருக்கிறதா, மாலையில் அழைக்கட்டுமா?’

இதன் பிறகு ஆசிரியர் செய்ய வேண்டியது கேட்டுக்கொண்டிருப்பது. குழந்தை எதைச் செய்யும்போது நேரம் போவதே தெரியாமல் இருக்கிறது, கோபமோ அழுகையோ வந்தால் எப்படி ஆறுகிறது, சென்ற ஆண்டுகளில் பள்ளியில் எது நன்றாக இருந்தது, எது கசப்பாக இருந்தது, இந்த ஆண்டு முடியும்போது குழந்தை எதைக் கற்றிருக்க வேண்டும் என்று வீட்டில் விரும்புகிறார்கள் ஆகிய நான்கையும் இடையிடையே கேட்கலாம். கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் சில வேளைகளில் பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கும். ‘நாலு பேர் முன்னால் பேச வேண்டும்’, ‘எதற்கெடுத்தாலும் அழக் கூடாது’ என்றெல்லாம் சொல்வார்கள். அவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

‘பெற்றோர்’ என்று நாம் சொன்னாலும் குழந்தையை அன்றாடம் கவனித்துக்கொள்பவர் தாத்தாவாகவோ அத்தையாகவோ விடுதிக் காப்பாளராகவோ இருக்கலாம். யாரிடம் பேசுவது என்பதைக் குழந்தையிடமும் பள்ளிப் பதிவிலும் முதலிலேயே உறுதி செய்துகொள்ள வேண்டும். கடிதங்களில் ‘பெற்றோர் அல்லது பொறுப்பாளர்’ என்று எழுதுவது நல்லது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதத்துக்கு மாற்றாகக் குரல் பதிவு அனுப்பலாம். பள்ளியின் மொழியும் வீட்டு மொழியும் வேறாக இருந்தால், மொழிபெயர்க்கக் குழந்தையையே நிறுத்துவதைத் தவிர்த்து வேறொரு பெரியவரின் உதவியை நாட வேண்டும். தன்னைப் பற்றிய குறையைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. வீட்டு மொழியைக் கைவிட்டுப் பள்ளி மொழியில் பேசுங்கள் என்று அறிவுரை சொல்வதும் தவறு. பெற்றோருக்கு எந்த மொழி சரளமோ அதில் கதையும் பேச்சும் நிறைந்திருந்தால்தான் குழந்தையின் சொல்வளமும் சிந்தனையும் வளரும்.

வீட்டு அறிவைப் பாடத்துக்குள் கொண்டுவருதல்

இந்தப் பகுதியையே நான் எல்லாவற்றிலும் முக்கியமானதாகக் கருதுகிறேன். கேட்டறிந்தவை குறிப்பேட்டிலேயே உறங்கிவிட்டால், பெற்றோருடன் நடந்த பேச்சு ஒரு மரியாதைச் சடங்காகவே முடிந்துபோகும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள டூசான் நகரில் லூயிஸ் மோல் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆசிரியர்களோடு சேர்ந்து நடத்திய ஒரு முயற்சி 1992இல் வெளியான அவர்களது கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. மெக்சிகோவைப் பூர்விகமாகக் கொண்ட உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்கள் சென்றார்கள்; அறிவுரை சொல்வதற்காக அல்ல, கற்றுக்கொள்வதற்காக. பயிர்த்தொழில், கட்டுமானம், வண்டி பழுதுபார்த்தல், வணிகம், மூலிகை மருத்துவம் என்று அந்த வீடுகளில் பள்ளிக்குத் தெரியாத அறிவு நிறைந்திருந்ததைக் கண்டார்கள். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த மிட்டாய்களை மாணவன் ஒருவன் விற்று வந்ததை அறிந்த ஆசிரியர், மிட்டாயை மையமாக வைத்தே ஒரு பாடத்தொடரை அமைத்தார். ஒரு தாய் வகுப்புக்கு வந்து மிட்டாய் செய்து காட்டினார். அதில் கலக்கும் பொருள்கள், விற்பனை, கணக்கு என்று பாடம் விரிந்தது. தம் பிள்ளையின் படிப்பைப் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று ஒதுங்கியிருக்கும் ஒரு பெற்றோர், ஒரு மணி நேரம் வகுப்பின் ஆசிரியராக நிற்கும்போது அந்தக் குழந்தையின் முகத்தில் தோன்றும் பெருமிதத்துக்கு ஈடாக வேறெந்தப் பரிசையும் பள்ளியால் தர இயலாது.

எல்லா வீடுகளுக்கும் செல்வது இயலாத காரியம். தொலைபேசியில் கேட்டறிந்ததை வைத்தே இதைச் செய்யலாம். தையல் தொழில் செய்யும் தாயிடம் அளவெடுக்கும் முறையைக் கேட்டுப் பின்னப் பாடத்தில் சேர்க்கலாம். ஓட்டுநராக உள்ள தந்தையிடம் ஒரு நாள் பயணத்தின் தொலைவு, நேரம், எரிபொருள் ஆகிய விவரங்களைப் பெற்று வேகக் கணக்கு அமைக்கலாம். குடும்பத்தின் பொருளாதார நிலை வெளிப்படும்படியான விவரங்களைத் தவிர்த்து, முன்கூட்டி அனுமதி பெற்றுக்கொண்டால் போதும். வீட்டுக்கே செல்வதாக இருந்தால், முன்னரே நேரம் கேட்டு, மற்றோர் ஆசிரியருடன் சேர்ந்து, குறுகிய நேரம் செல்வது முறை. கையில் குறிப்பேடோ மதிப்பெண் பட்டியலோ வேண்டாம். அவை இருந்தால் அது சோதனையாகத் தோன்றும். வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்தை வற்புறுத்தக் கூடாது.

பெற்றோரிடம் எதைக் கோருவது

‘வீட்டில் படிக்க வையுங்கள்’, ‘கொஞ்சம் கவனியுங்கள்’ என்பவை பெற்றோரால் நிறைவேற்ற முடியாத வேண்டுகோள்கள். என்ன செய்வது என்று அவற்றில் எதுவும் இல்லை. நான்சி ஹில், டயானா டைசன் ஆகியோர் நடுநிலைப்பள்ளி மாணவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகூரத் தக்கது. கல்வியின் பயனை எடுத்துச் சொல்வது, எதிர்காலத் திட்டங்களைப் பிள்ளைகளோடு பேசுவது, கற்பதைப் பிள்ளையின் ஆர்வங்களோடு இணைப்பது ஆகியவையே மாணவர் படிப்பில் பெறும் அடைவோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தன. வீட்டுப்பாடம் செய்ய உதவுவது அந்த வயதில் அப்படித் தொடர்புறவில்லை. படிக்காத பெற்றோரும் முழுமையாகச் செய்யக்கூடியவை முதலில் சொன்னவை என்பதை நாம் அவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். சிறு வகுப்புகளில், குழந்தை நாள்தோறும் பத்து நிமிடம் உரக்கப் படிக்க, வீட்டில் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்டால் போதும். கேட்பவருக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. ‘பிறகு என்ன நடந்தது? அவன் ஏன் அப்படிச் செய்தான்?’ என்று கேட்கத் தெரிந்தால் போதுமானது.

கோரிக்கை ஒரு நேரத்தில் ஒன்றாகவும், குறிப்பானதாகவும், சிறியதாகவும் இருக்க வேண்டும். ‘இன்று கடன் வாங்கிக் கழித்தல் படித்தோம். இரவு உணவுக்குப் பின் இரண்டு கணக்குகளை உங்களுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்’ என்ற ஒரு குறுஞ்செய்தி, நான்கு பக்கச் சுற்றறிக்கையைவிட அதிகம் செய்யும். மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. தேர்ச்சி பெறாத பாடத்தை மீண்டும் படிக்கும் உயர்நிலை மாணவர்களுக்கான கோடை வகுப்பில், பெற்றோருக்கு வாரம் ஒரு வாக்கியம் மட்டும் ஆசிரியரிடமிருந்து சென்றது. தேறாமல் போனவர்களின் விழுக்காடு ஏறத்தாழ 16இலிருந்து 9 ஆகக் குறைந்தது. பாராட்டை மட்டும் சொன்ன செய்திகளைவிட, எதைச் சரிசெய்யலாம் என்று சொன்ன செய்திகள் அதிகப் பயன் தந்தன. எனவே நல்லதை மட்டுமே சொல்ல வேண்டும் என்று தயங்கத் தேவையில்லை. அடுத்த படியைச் சொல்வதே மதிப்புக்குரிய செயல்.

வாட்ஸ்அப் குழுவைப் பொது அறிவிப்புக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது. தனி மாணவரின் மதிப்பெண், நடத்தை, கட்டண நிலுவை ஆகிய எதுவும் அதில் வரக் கூடாது.

பெற்றோர் ஆசிரியர் கூட்டமும் கடினமான பேச்சும்

கூட்டத்தில் பெற்றோரை வரிசையில் நிறுத்தி, அடுத்தவர் கேட்கும்படி மதிப்பெண்ணைப் படிப்பது பலரை மறுமுறை வரவிடாமல் செய்துவிடும். அவர்களில் சிலர் தாம் படித்த காலத்தில் அவமதிக்கப்பட்டவர்களாக இருக்கலாம். வகுப்பறைக்குள் நுழைவதே அவர்களுக்குத் துணிச்சலான செயல். ஆளுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, மாலை நேரத்தையும் ஒரு தெரிவாக வைத்து, மேசைக்கு ஒரே பக்கத்தில் அருகருகே அமர்ந்து குழந்தையின் நோட்டைத் திறந்து பேசத் தொடங்கலாம். மதிப்பெண் அட்டை அதன் பிறகு. ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய பக்கத்தையும் இப்போது எழுதிய பக்கத்தையும் சேர்த்துக் காட்டினால் விளக்கம் அதிகம் தேவைப்படாது. பிற மாணவரோடும் அண்ணன் அக்காவோடும் ஒப்பிடுவதை அறவே விலக்க வேண்டும். முடிவில் வீடு செய்வது ஒன்று, பள்ளி செய்வது ஒன்று, மீண்டும் பேசும் நாள் ஒன்று என்று மூன்றையும் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளலாம். மேல்வகுப்பு மாணவர்களை இந்தப் பேச்சில் உடன் அமர்த்துவது நல்லது. அவர்களைப் பற்றிய முடிவு அவர்கள் இல்லாத இடத்தில் எடுக்கப்படுவது நியாயமாகாது.

ஒழுங்கு தொடர்பான புகாரைச் சொல்லும் முன், இந்தச் செய்தி வீட்டில் என்ன விளைவை உண்டாக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியர் ஒரு வரியில் எழுதி அனுப்பியதற்குக் குழந்தை அடிவாங்குவது உண்டு. ஆகவே நடந்ததை மட்டும், அடைமொழி இன்றி, நேரில் அல்லது தொலைபேசியில் சொல்லி, ‘வீட்டில் இப்படி நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் ஐயா? அவனை அடிக்கவோ திட்டவோ வேண்டாம். என்ன காரணம் என்று சேர்ந்து கண்டுபிடிப்போம்’ என்று வேண்டிக்கொள்ள வேண்டும். நிலைமை சீரானதும் அதைத் தெரிவிக்க மீண்டும் ஓர் அழைப்பு கட்டாயம் தேவை; பலரும் மறந்துவிடுவது இதைத்தான்.

தனக்கு நேரும் துன்பத்தைப் பற்றிக் குழந்தை ஏதேனும் சொன்னால், துருவித் துருவிக் கேட்காமல், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்காமல், அமைதியாகக் கேட்டு, அது சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு, குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். அப்படிப்பட்ட செய்தியை முதலில் வீட்டுக்கு எடுத்துச் செல்வது குழந்தைக்கு ஆபத்தாக முடியலாம். மற்ற குடும்ப விவரங்களும் ஆசிரியர் அறையின் பொதுப்பேச்சாக மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எத்தனை முறை முயன்றும் பேச முடியாத வீடுகள் சில இருக்கும். இரண்டு வேலை பார்ப்பவர்கள், நோயாளியைக் கவனிப்பவர்கள், கைப்பேசி எண் மாறியவர்கள் என்று அதற்குக் காரணங்கள் பல. அக்கறையில்லாதவர்கள் என்று முடிவுகட்டாமல், குழந்தை வழியாக நல்ல செய்தி ஒன்றை எழுதி அனுப்பிக்கொண்டே இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு வீட்டில் கிடைக்காத பத்து நிமிட வாசிப்பைப் பள்ளியிலேயே ஒரு பெரியவரோடு ஏற்பாடு செய்து தருவது நம் கடமை.

ஆண்டு முடியும்போது, குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொரு மாணவருக்கும் மூன்று வரிகள் மட்டும் எடுத்து அடுத்த வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்க வேண்டும்: எதில் வலுவானவர், எப்படிச் சொன்னால் புரிந்துகொள்கிறார், வீட்டில் யாரிடம் எந்த நேரத்தில் பேசலாம். தனிப்பட்ட துயரங்களும் நம் சலிப்பும் அதில் இடம்பெறக் கூடாது. எழுதிய மூன்று வரிகளை மாணவரிடமும் வீட்டாரிடமும் படித்துக்காட்டி, அவர்கள் திருத்தச் சொல்வதைத் திருத்திய பிறகே கையளிக்க வேண்டும்.